ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள், கணினியையே கேளுங்கள்

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காதீர்கள், விற்கிறவர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து அந்தக் கணினியிடமே கேளுங்கள். ஒரே ஒரு கட்டளை போதும். எந்த கம்பெனி, எந்த மாடல், எத்தனை ராம், எந்த வருடத்து பயாஸ் என்று வரிவரியாகத் தானே ஒப்பிக்கும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

மெக்கானிக்கான நானே இதைச் சொல்கிறேன். திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லீங்களாக்கா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நான்தான் அண்ணன், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கல்லூரிப் பிள்ளைகள். கொண்டு வருவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். ஐ.டி. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள். நல்ல சரக்குதான். உறுதியாகச் செய்திருப்பார்கள், ராமும் டிஸ்க்கும் மாற்ற முடியும். அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்காதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கு என்றுதான் சொல்கிறேன்.

போன கல்வியாண்டு தொடங்கும் சமயம் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் பி.சி.ஏ. முதலாண்டு. "ஐ-செவன்மா இது. பத்தொம்பதாயிரம்னு சொன்னான், பேசிப் பேசிப் பதினேழரைக்கு முடிச்சேன்" என்றார் அப்பா. மகள் அவர் முகத்தைப் பார்க்காமல், "ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா" என்றாள். கட்டளையைத் தட்டினேன். பயாஸ் தேதி 2013 என்று வந்தது. ஐ-செவன்தான், பொய்யில்லை. ஆனால் 2012-இல் வந்த மூன்றாம் ஜெனரேஷன் ஐ-செவன், அதுவும் இரண்டே கோர் உள்ள லேப்டாப் வகை. 2022-இல் வந்த பன்னிரண்டாம் ஜெனரேஷன் ஐ-த்ரீயில்கூட ஆறு கோர் உள்ள ரகம் இருக்கிறது. ஐந்து, ஏழு என்ற எண்கள் அந்தந்த வருட வரிசையில் எது உசத்தி என்று மட்டும்தான் சொல்லும். எந்த வருடம் என்பதை அடுத்து வரும் எண்தான் சொல்லும். ஸ்டிக்கரில் அந்த அடுத்த எண் பெரும்பாலும் இருக்காது.

அதில் விண்டோஸ் 11 வேறு போட்டிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் ஜெனரேஷன் முதல்தான் விண்டோஸ் 11. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்தச் சோதனைகளைத் தாண்டி பழைய மெஷினில் அதை ஏற்றிவிட முடியும், அது பெரிய வித்தையல்ல. ஆனால் பின்னால் வரும் வருடாந்தர அப்டேட் அதில் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு ஏழாம் ஜெனரேஷனும் அதற்கு முந்தியவையும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, விண்டோஸ் 11 போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

லால்குடிக்காரர் திரும்பப் போய்க் கேட்டார். "பில்லுல ஐ-செவன்னு போட்டிருக்கு, ஐ-செவன்தானே கொடுத்தேன்" என்று பதில் வந்ததாம். கடைக்காரர் சொன்னது சரிதான். பில்லில் அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. அந்த ஒரு வரி பில் பற்றித்தான் எனக்குக் கோபம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கட்டளை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சிஎம்டி என்று மூன்று எழுத்தைத் தட்டி எண்டர் கொடுத்தால் கறுப்புத் திரை திறக்கும். அங்கே சிஸ்டம்இன்ஃபோ என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி எண்டர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொட்டும். கம்பெனி பெயர், மாடல், பிராசசர், பயாஸ் தேதி, மொத்த ராம், விண்டோஸை எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வரை இருக்கும். பயாஸை இடையில் யாராவது புதுப்பித்திருந்தால் அதன் தேதி மெஷினை இளமையாகக் காட்டும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். எட்டு ஜிபி ராம் என்றால் 8,192 என்று முழுசாக வராது, சற்றுக் குறைவாகத்தான் வரும். போர்டே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறது. டிஸ்க் விஷயத்திலும் இந்தச் சண்டை உண்டு. ஒரு டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. மீதி 69-ஐ நான் திருடிவிட்டேன் என்று கடையில் குரல் உயர்த்தியவர்கள் உண்டு.

பிராசசர் வரியில் ஐ-ஃபைவ், ஐ-செவன் என்ற பெயரே வராது. இன்டெல்64, ஃபேமிலி 6, மாடல் 58 என்று ஏதோ ஆதார் எண் போல வரும். அந்த மாடல் எண்தான் எனக்கு வேண்டியது. 42 என்றால் 2011-இன் இரண்டாம் ஜெனரேஷன், 58 என்றால் மூன்றாவது, 69 என்றால் லேப்டாப்பில் வரும் நான்காவது. 142 வந்தால் ஏழாவதும் எட்டாவதும் அதில் அடங்கும், பக்கத்தில் இருக்கும் ஸ்டெப்பிங் எண்ணையும் பார்க்க வேண்டும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டால் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மவுஸால் சொடுக்கினாலே செட்டிங்ஸ் ஜன்னலில் இதெல்லாம் அழகாக வருமே, எதற்கு இந்தக் கறுப்புத் திரை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முக்கால்வாசி வரும். ஆனால் மணப்பாறையிலிருந்து ஒருவர் போன் செய்து, "அக்கா, மெஷின் திணறுது" என்னும்போது அந்த ஜன்னல் எனக்கு உதவாது. ஒவ்வொரு விண்டோஸிலும் அது ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. ஒருவருக்கு கன்ட்ரோல் பேனல், இன்னொருவருக்கு செட்டிங்ஸ், மூன்றாமவருக்கு எதுவுமே ஆங்கிலத்தில் இல்லை. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பும் போட்டோவில் பாதித் திரையும் டியூப் லைட் வெளிச்சமும் கட்டைவிரலும்தான் தெரியும். கறுப்புத் திரை என்றால் போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லலாம், அவர்கள் தட்டலாம், வந்ததைப் படித்துக் காட்டலாம். கட்டளைக்குப் பின்னால் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி ஒன்றும் கோப்புக்கு ஒரு பெயரும் போட்டால் அத்தனையும் கோப்பாகிவிடும். அதை அப்படியே எனக்கு அனுப்பலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இந்தக் கட்டளை இருக்கிறது. எல்லாக் கட்டளைக்கும் இந்த ஆயுள் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. பல வீடியோக்களில் இன்றும் சொல்லித் தரும் டபிள்யூஎம்ஐசியை மைக்ரோசாஃப்ட் புதிய விண்டோஸ் 11-இலிருந்து எடுத்துவிட்டது.

விண்டோஸ் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பிராசசரின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைத் திருத்தினால் சிஸ்டம் ஜன்னல் அந்தத் திருத்திய பெயரையே காட்டும். ஒவ்வொரு முறை மெஷினைப் போடும்போதும் சரியான பெயர் திரும்ப எழுதப்பட்டுவிடும் என்பதால், ஏமாற்றுகிறவர்கள் தொடக்கத்திலேயே மறுபடி பொய்யை எழுதும் ஒரு சின்ன புரோகிராமையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஐ-த்ரீயை ஐ-செவனாக ஆக்கிய அப்படியொரு மெஷின் என் மேஜைக்கே வந்திருக்கிறது.

இதற்கு மருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவ். அதை நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்தே மெஷினைக் கிளப்பினால் உள்ளே இருக்கும் விண்டோஸும் அதன் பொய்யும் தூங்கிக்கொண்டிருக்கும். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று தட்டினால் பெயர் சிப்பிலிருந்தே வரும். 1993-இல் வந்த பென்டியம் காலத்திலிருந்து இன்டெல் பிராசசர்களில் சிபியுஐடி என்ற ஒரு கட்டளை உள்ளேயே பொதிந்திருக்கிறது. நீ யார் என்று கேட்டால் சிப் தானாகப் பதில் சொல்லும் ஏற்பாடு அது. பெயரைச் சொல்ல 48 எழுத்து இடம் பின்னால் வந்தது. ரெஜிஸ்ட்ரியில் எழுதிய பொய் அங்கே போய் எட்டாது.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது இன்க்சி. ஹரால்டு ஹோப் என்பவரும் கூட்டாளிகளும் பல வருடமாகப் பராமரிக்கும் இலவசக் கருவி. மின்டில் கூடவே வரும். ஒரு சிறுகோடும் பெரிய எஃப் எழுத்தும் சேர்த்துத் தட்டினால் பிராசசர், கிராஃபிக்ஸ், ஆடியோ, வைஃபை, டிஸ்க், பேட்டரி, வெப்பம் என்று பத்தி பிரித்து ஒரே பக்கத்தில் தரும். சர்வீஸ் ஆள் எழுதிய ரிப்போர்ட் மாதிரி இருக்கும், அலங்காரம் கிடையாது.

அலங்காரம் வேண்டுமென்றால் நியோஃபெட்ச். இன்ஜினீயரிங் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். இடது பக்கம் எழுத்துகளாலேயே வரைந்த லினக்ஸ் சின்னம், வலது பக்கம் கலர் கலராக மெஷின் விவரம். டிலன் அராப்ஸ் என்பவர் எழுதியது. 2024 ஏப்ரலில் அவர் தன் கிட்ஹப் வேலைகளை மூடி வைத்துவிட்டு, விவசாயத்துக்குப் போய்விட்டதாக ஒரு வரி எழுதிப் போட்டார். ஐ.டி. வேலையை விட்டு உழவுக்கு வந்தவர்களை நாமும் இங்கே பார்த்திருக்கிறோம், ஆனால் இவ்வளவு சுருக்கமாக அறிவித்தவரைப் பார்த்ததில்லை. இப்போது அந்த இடத்தில் ஃபாஸ்ட்ஃபெட்ச் ஓடுகிறது. அது சி மொழியில் எழுதியது, கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும். இவற்றைப் பெருமைக்காரக் கருவிகள் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனாலும் கறுப்புத் திரையைக் கண்டாலே வைரஸ் என்று அலறிய பிள்ளைகள் பலர் இந்தக் கலரைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார்கள். வாங்கும்போது மட்டும் இதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். நியோஃபெட்ச் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஸ்கிரிப்ட். எந்த வரியில் எதை வேண்டுமானாலும் எழுத வைக்கலாம்.

டிஸ்க்கின் வயதைக் கேட்க லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று குறித்து வைக்கும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். முப்பதாயிரம் என்று வந்தால் மூன்றரை வருடம் அணையாமல் ஓடிய டிஸ்க் அது, ஆபீஸ் சர்வரிலோ சிசிடிவி பெட்டியிலோ இருந்திருக்கும். அதே பட்டியலில் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும் வரும். அது பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் தானமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இந்த மணிக் கணக்கையும் அழிக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளியே வந்தது. ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளை வெளியாட்கள் யாரோ கணக்கைப் பூஜ்ஜியமாக்கிப் புதுசு என்று சந்தையில் விட்டிருந்தார்கள். விற்ற கடைக்காரர்கள் பலருக்கே அது தெரியவில்லை. மாட்டிக்கொடுத்தது அந்த டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற பெயரில் தனியாக இருந்த இரண்டாவது பதிவேடு. ஒன்றை அழித்தவர்கள் மற்றதை விட்டுவிட்டார்கள். ஸ்மார்ட்சிடிஎல் அதையும் படித்துக் காட்டும்.

பேட்டரிக்கு மறுபடி விண்டோஸுக்கே வாருங்கள். பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதினால் ஒரு கோப்பு உருவாகும். பிரவுசரில் திறக்கலாம். தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் அளவும் அதில் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது ஐம்பதாயிரம், இரண்டாவது இருபதாயிரம் என்றால் மெஷின் விலையோடு புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். "பேக்கப் ரெண்டு மணி நேரம் நிக்கும் சார்" என்ற வாக்குறுதி இந்த இரண்டு எண்களின் முன்னால் நிற்காது.

கறுப்புத் திரை சொல்லாததும் நிறைய இருக்கிறது. ஹிஞ்ச் லூசாக இருப்பது, கீபோர்டில் காபி கொட்டியது, திரையின் மூலையில் வெள்ளைத் திட்டு, போர்டில் யாரோ அவசரமாக வைத்த சால்டர் எதுவும் அதில் வராது. அதற்குக் கையும் கண்ணும் மூக்கும்தான். பழைய கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று ஒருமுறை பயாஸுக்குள் போய்ப் பார்ப்பதும் அவசியம்.

இன்னொன்று, இந்த விவரங்களை அப்படியே பொதுக் குழுக்களில் போடாதீர்கள். சிஸ்டம்இன்ஃபோவில் கணினியின் பெயர், உரிமையாளர் பெயர், விண்டோஸின் புராடக்ட் எண், நெட்வொர்க் முகவரி எல்லாம் சேர்ந்தே வரும். தெரிந்த சர்வீஸ் ஆளுக்கு அனுப்பலாம், ஊருக்கெல்லாம் வேண்டாம். இன்க்சியில் கூடுதலாக ஒரு இசட் சேர்த்தால் சீரியல் எண் போன்றவற்றை அதுவே மறைத்துவிடும்.

இனி பில். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வதை வாங்குகிறவரின் உரிமை என்கிறது. அரிசி மூட்டையில் எடையும் பேக் செய்த தேதியும் அச்சிட்டிருக்கிறோம். பதினேழாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு "லேப்டாப் ஐ-7, 1 எண்ணம்" என்று எழுதிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? சிஸ்டம்இன்ஃபோ, பேட்டரி ரிப்போர்ட், டிஸ்க் ஓடிய மணி நேரம், இந்த மூன்றையும் அச்செடுத்து, தேதி போட்டு, கடை முத்திரை வைத்து பில்லோடு இணைக்கப் பத்து நிமிடம் ஆகாது. நான் விற்கும் மெஷின்களுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். வியாபாரம் குறைந்துவிடவில்லை. "இதைக் கொடுத்தா பேரம் பேசுவாங்களே" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பேசட்டுமே, விவரம் தெரிந்து பேசுகிற பேரத்தில் இருவருக்கும் நஷ்டமில்லை.

கணினி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையிலேயே சி-டாக் உருவாக்கியது. எத்தனையோ வீடுகளுக்குள் அந்தக் கறுப்புத் திரை அப்போதே போய்விட்டது, திறந்து காட்டத்தான் ஆள் இல்லை. என்னிடம் வந்த அந்த லேப்டாப்புகளில் பாஸ் இருந்த பகுதியை அழித்துப் படம் ஏற்றியிருந்தவைதான் அதிகம். இன்று பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் நடத்துகிறோம். அதற்கெல்லாம் முன்னால், லேபில் தன் முன்னால் இருக்கும் மெஷின் எது என்று ஒவ்வொரு பிள்ளையும் அதையே கேட்டு நோட்டில் எழுதட்டும். ஒரு பீரியட் போதும். வீட்டுக்குப் போய் அப்பா வாங்கிவந்த லேப்டாப்பையும் அதே கேள்வி கேட்பார்கள்.

அடுத்த ஜூனில் மறுபடி கல்லூரி திறக்கும், சென்னை ரிச்சி தெருவிலிருந்து நம் ஊர் மெயின் கார்டு கேட் வரைக்கும் பழைய லேப்டாப்புகள் கைமாறும். வாங்கப் போகிறவர்கள் கட்டளைகளை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வைத்தே தட்டிப் பாருங்கள். தட்ட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.